முழுத்தொகை சிலருக்கே: அமெரிக்கச் சிறு கல்லூரிகளின் விளையாட்டு உதவித்தொகை

அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாடும் மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிறிய கல்லூரிகளின் அணிகளில்தான் இருக்கிறார்கள். லட்சம் பேர் அமரும் மைதானமோ, கோடிக்கணக்கான டாலர் தொலைக்காட்சி ஒப்பந்தமோ அந்தக் கல்லூரிகளுக்குக் கிடையாது. ஆனால் அணிகளுக்குக் குறைவில்லை. அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால், சாஃப்ட்பால், சாக்கர், நீச்சல், தடகளம், மல்யுத்தம், டென்னிஸ், கோல்ஃப் என ஆண்களுக்கும் பெண்களுக்குமாகப் பதினைந்து இருபது அணிகளை, ஆயிரத்தைந்நூறு பேர் மட்டுமே படிக்கும் கல்லூரிகூட நடத்துகிறது. இந்த அணிகளில் ஆடும் மாணவரின் படிப்புச் செலவில் எவ்வளவு குறையும் என்பது, கல்லூரி எந்தச் சங்கத்தில் எந்தப் பிரிவில் சேர்ந்திருக்கிறது என்பதையும், மாணவரின் மதிப்பெண்ணையும், குடும்ப வருமானத்தையும் பொறுத்தது. நன்றாக விளையாடினால் படிப்பு இலவசம் என்ற பரவலான நம்பிக்கை இவர்களில் மிகச் சிலருக்கே மெய்யாகிறது.

கல்லூரி விளையாட்டை நடத்தும் சங்கங்களில் பெரியது என்.சி.ஏ.ஏ. 1906-ல் வேறொரு பெயரில் தொடங்கி, 1910-ல் இப்போதைய பெயரை ஏற்ற அமைப்பு அது. விளையாட்டுத் திறனுக்காக மாணவருக்குப் பணம் தருவது சரியா என்ற கேள்வியில் அது பல ஆண்டுகள் தடுமாறியது. பண உதவியைக் குடும்பத் தேவையோடு கட்டிப்போட 1948-ல் ஒரு விதி கொண்டுவந்தது. அதை மீறிய கல்லூரிகளை வெளியேற்ற முடியாமல் சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. 1956-ல், குடும்ப வசதி எப்படியிருந்தாலும் திறனுக்காகவே முழு உதவித்தொகை தரலாம் என்று ஒப்புக்கொண்டது. பெரிய பல்கலைக்கழகங்களோடு பணத்தில் போட்டியிடச் சிறிய கல்லூரிகளால் முடியவில்லை. 1973-ல் உறுப்புக் கல்லூரிகள் மூன்று பிரிவுகளாகப் பிரிந்ததற்கு இது முக்கியக் காரணம். இன்று முதல் பிரிவில் ஏறத்தாழ 360 கல்லூரிகளும், இரண்டாம் பிரிவில் சுமார் 300-ம், மூன்றாம் பிரிவில் 430-ஐ ஒட்டியும் இருக்கின்றன. எண்ணிக்கையில் பெரியது மூன்றாம் பிரிவுதான். விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூட உதவித்தொகை தரக்கூடாது என்று விதி வைத்திருப்பதும் அதுவே.

இரண்டாம் பிரிவின் வழி, இருக்கும் தொகையைப் பகிர்ந்து தருவது. கல்விக் கட்டணம், இதர கட்டணங்கள், தங்குமிடம், உணவு, புத்தகம் ஆகிய எல்லாம் சேர்ந்தது ஒரு முழு உதவித்தொகை. ஒவ்வொரு விளையாட்டுக்கும் இத்தனை முழு உதவித்தொகைக்குச் சமமான பணத்தைத்தான் செலவிடலாம் என்று உச்சவரம்பு உண்டு. அமெரிக்கக் கால்பந்துக்கு 36, ஆண்கள் கூடைப்பந்துக்கு 10, பெண்கள் கூடைப்பந்துக்கு 10, பேஸ்பாலுக்கு 9, பெண்கள் கைப்பந்துக்கு 8, சாஃப்ட்பாலுக்கு 7.2, ஆண்கள் கோல்ஃபுக்கு 3.6. இந்தத் தசமப் புள்ளிகளே கதையைச் சொல்லிவிடும். 7.2 மாணவர் என்று யாரும் இல்லை, 7.2 பேருக்கான பணம் இருபதுக்கு மேற்பட்டோருக்குப் பிரிகிறது. பேஸ்பால் அணியில் 36 பேர் இருந்து, கல்லூரி தன் ஒன்பதையும் முழுமையாகப் பயன்படுத்தி, எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்குக் கால்பங்கு கிடைக்கும்.

ஆனால் எந்தப் பயிற்சியாளரும் சமமாகப் பங்கிடுவதில்லை. பந்து வீசுவதில் வல்லவருக்குப் பாதிக்கு மேல் போகும்; அணியை நிரப்ப வந்தவருக்குப் புத்தகச் செலவு மட்டும் கிடைக்கும்; சிலருக்கு ஒன்றும் இல்லை. உச்சவரம்பு வரை செலவழிக்கும் வசதியும் எல்லாக் கல்லூரிக்கும் இல்லை. கால்பந்துக்கு 36 அனுமதி இருந்தாலும் அதில் பாதிக்கே பணம் ஒதுக்கி, நூறு பேர் கொண்ட அணியை நடத்தும் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டாம் பிரிவில் நீடிக்க ஒரு குறைந்தபட்சமும் உண்டு. நான்கு விளையாட்டுகளில் உச்சவரம்பின் பாதியையாவது தர வேண்டும், அவற்றில் இரண்டு பெண்கள் விளையாட்டாக இருக்க வேண்டும்; அல்லது மொத்தம் 20 முழு உதவித்தொகைக்குச் சமமாக, அதில் 10 பெண்களுக்கு; அல்லது 2,50,000 டாலர், அதில் பாதி பெண்கள் அணிகளுக்கு. இந்தக் குறைந்தபட்சத்துக்கும் உச்சவரம்புக்கும் நடுவே உள்ள தூரம் பெரியது. ஒரே பிரிவில் ஆடும் இரண்டு அணிகளின் பண வசதி ஒப்பிடவே முடியாதபடி இருப்பது அதனால்தான்.

அரசுக் கல்லூரியாக இருந்தால் பயிற்சியாளர் இன்னொரு கணக்கும் போட வேண்டியிருக்கிறது. 2024-25-ல் நான்காண்டு அரசுக் கல்லூரிகளின் சராசரி அறிவிப்புக் கட்டணம் சொந்த மாநிலத்து மாணவருக்கு 11,610 டாலர். வெளிமாநிலத்தவருக்கு 30,780 டாலர். விளையாட்டுத் துறையின் கையில் இருப்பது ரொக்கத் தொகை என்றால், வெளிமாநிலத்து ஒருவருக்கு ஆகும் கட்டணத்தில் உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துவிடலாம். சிறிய அரசுக் கல்லூரிகளின் அணிப் பட்டியலில் சுற்றுவட்டார ஊர்ப் பெயர்களே நிறைந்திருப்பதற்கு இதுவும் காரணம்.

என்.சி.ஏ.ஏ.வுக்கு வெளியே, 1937-ல் கன்சாஸ் சிட்டியில் நடந்த ஒரு கூடைப்பந்துப் போட்டியிலிருந்து வளர்ந்தது என்.ஏ.ஐ.ஏ. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித்துக்கும் அந்தத் தொடக்கத்தில் பங்கு உண்டு. இருநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இதில் உறுப்பினர்கள். பெரும்பாலும் சிறிய தனியார் கல்லூரிகள், அவற்றில் பல கிறிஸ்தவத் திருச்சபைகள் நிறுவியவை. இங்கும் உச்சவரம்பு முறைதான்: கால்பந்துக்கு 24, பேஸ்பாலுக்கு 12, சாக்கருக்கு 12, கூடைப்பந்துக்கு 8. படிப்பில் சிறந்த வீரருக்குத் தரும் தொகையை முழுதாகவோ பகுதியாகவோ இந்த வரம்பில் சேர்க்காமல் விட விதிகள் இடம் தந்திருக்கின்றன. அதனால் என்.ஏ.ஐ.ஏ. பயிற்சியாளர் ஒரு மாணவரைப் பார்க்கும்போது அவருடைய ஓட்ட வேகத்தோடு மதிப்பெண் பட்டியலையும் சேர்த்தே பார்க்கிறார். நல்ல மதிப்பெண் எடுத்தவர் அணிக்கு மலிவாக அமைகிறார். விளையாட்டை நம்பிக் கல்லூரி தேடும் பிள்ளைகளுக்கு யாராவது உரக்கச் சொல்ல வேண்டிய செய்தி இது: சிறிய கல்லூரியில் கட்டணத்தைக் குறைப்பதில் கோல் எண்ணிக்கையைவிடப் பள்ளி மதிப்பெண் அதிகம் உதவக்கூடும்.

இரண்டாண்டுக் கல்லூரிகளுக்கு 1938-ல் தொடங்கிய என்.ஜே.சி.ஏ.ஏ. என்ற தனிச் சங்கம் இருக்கிறது. அதன் முதல் பிரிவில் தங்குமிடம், உணவு உட்பட முழு உதவித்தொகை தரலாம். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வரும் செலவும் அதில் சேரும். இரண்டாம் பிரிவில் கல்விக் கட்டணம், இதர கட்டணங்கள், புத்தகங்கள் வரை. மூன்றாம் பிரிவில் ஒன்றுமில்லை. கலிஃபோர்னியாவின் இரண்டாண்டுக் கல்லூரிகள் தனிச் சங்கமாக இயங்குகின்றன. அங்கே விளையாட்டு உதவித்தொகை அறவே கிடையாது, கட்டணம் குறைவு என்பதே ஆறுதல்.

என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான். ஏறத்தாழ இரண்டு லட்சம் மாணவர்கள் அங்கே ஆடுகிறார்கள். பண உதவியை முடிவு செய்யும்போது விளையாட்டுத் திறனையோ, அணியில் இருப்பதையோ, பள்ளி அணிக்குத் தலைமை தாங்கியதையோ கல்லூரி கணக்கில் எடுக்கக்கூடாது. பயிற்சியாளர் அந்த முடிவில் தலையிடக்கூடாது. கல்லூரிகள் ஆண்டுதோறும் தங்கள் வீரர்கள் பெற்ற உதவியையும் மற்ற மாணவர்கள் பெற்ற உதவியையும் என்.சி.ஏ.ஏ.வுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வீரர்களின் பக்கம் தட்டு தாழ்ந்திருந்தால் விளக்கம் கேட்கப்படும். பழைய வழக்கத்தின் பேரில் ஒரு சில கல்லூரிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. உதாரணமாக, மற்ற விளையாட்டுகளில் மூன்றாம் பிரிவில் இருக்கும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் லக்ராஸில் முதல் பிரிவில் ஆடுகிறது, அதற்கு உதவித்தொகையும் தருகிறது.

இருந்தும் மூன்றாம் பிரிவு வீரர்களில் நான்கில் மூவராவது ஏதோ ஒரு பண உதவி பெறுகிறார்கள். அது படிப்புத் தகுதிக்காகவோ குடும்பத் தேவைக்காகவோ வருவது. மாஸசூசெட்ஸ் மாநிலத்தின் வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் போன்ற கல்லூரிகளிடம் பெரும் அறக்கட்டளை நிதி இருக்கிறது. அவை தேவையுள்ள மாணவரின் பற்றாக்குறை முழுவதையும் கடன் இல்லாமல் ஈடு செய்கின்றன. வில்லியம்ஸ் 2022-ல் இன்னும் ஒரு படி மேலே போய், உதவி பெறும் மாணவர் வளாகத்தில் வேலை செய்து ஈட்ட வேண்டும் என்ற பகுதியையும் நீக்கிவிட்டது. ஏழைக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, விளையாட்டு உதவித்தொகையே இல்லாத இந்தக் கல்லூரியில் கட்டும் தொகை, இரண்டாம் பிரிவுக் கல்லூரியில் பாதி உதவித்தொகையோடு கட்டும் தொகையைவிடக் குறைவாக இருக்க முடியும். அங்கே விளையாட்டு அவளுக்குத் தருவது பணத்தை அல்ல, இடத்தை. போட்டி கடுமையான சேர்க்கையில் பயிற்சியாளரின் பரிந்துரைக்கு எடை இருக்கிறது. ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் முதல் பிரிவில் இருந்தும் 1954-ல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, விளையாட்டு உதவித்தொகை இல்லாத இதே வழியில்தான் நடக்கின்றன.

எல்லா மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும் வில்லியம்ஸ் ஆகிவிடாது. பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய நிதி இல்லை. அவை தருவது படிப்புக்கான உதவித்தொகை என்ற பெயரில் ஒரு கட்டணக் குறைப்பு. அமெரிக்கத் தனியார் கல்லூரிகளின் சராசரி அறிவிப்புக் கட்டணம் 2024-25-ல் 43,350 டாலர்; ஆனால் லாப நோக்கற்ற தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவரின் கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கும் மேல் தாமே தள்ளுபடி செய்கின்றன. அறிவித்த விலையைக் கட்டுபவர் அரிது. இந்தத் தள்ளுபடியைப் புரிந்துகொள்ளாமல் சிறு கல்லூரியின் விளையாட்டு உதவித்தொகையைப் புரிந்துகொள்ள முடியாது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரண்டாம் பிரிவில் உள்ள தனியார் கல்லூரி ஒன்று. கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 60,000 டாலர். சாக்கர் அணி மாணவர் ஒருவருக்குப் பயிற்சியாளர் கால்பங்கு ஒதுக்குகிறார்: 15,000. மதிப்பெண்ணுக்காகக் கல்லூரி தருவது 16,000. குடும்ப வருமானம் மிகக் குறைவு என்பதால் மத்திய அரசின் பெல் கிராண்ட் முழுமையாகக் கிடைக்கிறது. 2025-26-ல் அதன் உச்சத் தொகை 7,395. முதலாண்டு மாணவர் தன் பெயரில் வாங்கக்கூடிய மத்திய அரசுக் கடன் 5,500. நூலகத்திலோ உடற்பயிற்சிக் கூடத்திலோ பகுதிநேர வேலை செய்தால் ஏறக்குறைய 2,500. எல்லாம் கூட்டினால் 46,395. இன்னும் 13,605 டாலர் துண்டு விழுகிறது. பெல் கிராண்ட் முழுமையாகப் பெறும் அளவுக்கு வறிய குடும்பத்துக்கு இது தாங்க முடியாத சுமை. பெற்றோர் பெயரில் இன்னொரு கடன், அல்லது வேறு கல்லூரி. ஊரில் பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது என்று கொண்டாடிய வீட்டில் அடுத்த மாதம் நடக்கும் உரையாடல் பல நேரங்களில் இந்தத் துண்டைப் பற்றியதுதான்.

இதே கணக்கைக் கல்லூரியின் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்று தெரியும். கல்லூரி தந்ததாகச் சொல்லும் 31,000 டாலரில் பெரும்பகுதி அதன் கஜானாவிலிருந்து வெளியே போகவில்லை; வசூலிக்காமல் விட்ட கட்டணம் அது. பெல் கிராண்ட், கடன், மாணவரின் சம்பளம், பெற்றோர் கட்டியது எல்லாம் சேர்ந்து 29,000 டாலர் கல்லூரிக்கு வருகிறது. அந்த இருக்கை காலியாக இருந்திருந்தால் ஒன்றும் வந்திருக்காது. பெரிய பல்கலைக்கழகத்தில் கால்பந்து, டிக்கெட்டும் தொலைக்காட்சியும் வழியாகப் பணம் கொண்டுவருகிறது. சிறிய கல்லூரியில் அணியில் சேரும் மாணவரே வருமானம். பேஸ்பால் அணியில் நாற்பது ஐம்பது பேரும், கால்பந்தில் நூற்றுக்கு மேலும் சேர்க்கப்படுவது வெற்றிக்காக மட்டும் அல்ல. அவர்களில் பலர் நான்காண்டும் ஆடுகளத்தில் இறங்காமலே இருக்கக்கூடும். அந்த நிலையை மாணவரிடம் முன்கூட்டிச் சொல்லும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். சொல்லாதவர்களிடம் பிள்ளைகள் ஏமாந்துபோவது வருத்தத்துக்குரியது.

இதை வெளிப்படையான திட்டமாகவே செய்து காட்டியது மிச்சிகன் மாநிலத்தின் ஏட்ரியன் கல்லூரி. மூன்றாம் பிரிவைச் சேர்ந்த அக்கல்லூரியில் 2005-ல் ஜெஃப்ரி டாக்கிங் தலைவரானபோது மாணவர் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே இருந்தது. மைதானங்களையும் பனிச்சறுக்கு அரங்கையும் கட்டி, புதிய அணிகளைத் தொடங்கி, ஒவ்வொரு பயிற்சியாளரும் ஆண்டுக்கு இத்தனை மாணவரைச் சேர்க்க வேண்டும் என்று இலக்கு வைத்தார். சில ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானது. தன் முறையை விளக்கி 2015-ல் அவர் புத்தகமும் எழுதினார். பல சிறு கல்லூரிகள் அவரைப் பின்பற்றின. எல்லா இடத்திலும் அது பலிக்கவில்லை. கால்பந்து அணியைப் புதிதாகத் தொடங்கிய கல்லூரிகளைப் பற்றி ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் வெல்ச் சக்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2024-ல் வெளியிட்ட ஆய்வு, முதலில் சேர்க்கை சற்று உயர்ந்தாலும் அது நிலைக்கவில்லை என்று கண்டது. அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி நல்ல அணிகளை வைத்திருந்தும் பண நெருக்கடியில் 2024 மே 31 அன்று மூடப்பட்டது. அதே நாட்களில் அதன் பேஸ்பால் அணி ஒஹையோவில் மூன்றாம் பிரிவின் தேசிய இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

உதவித்தொகைக்கு ரொக்கமாகத் தேவைப்படும் பணம் வேறு வழிகளில் திரட்டப்படுகிறது. பழைய மாணவர்கள் தரும் நன்கொடையை முதலீடு செய்து, ஆண்டுக்கு அதில் நான்கைந்து சதவீதம் எடுத்து உதவித்தொகை தருவது நிலையான வழி. அரசுக் கல்லூரிகள் பலவற்றில் எல்லா மாணவரும் கட்டும் விளையாட்டுக் கட்டணம் பெரும்பங்கு வகிக்கிறது. வகுப்புக்கும் வேலைக்கும் ஓடுகிற, போட்டி பார்க்கவே நேரமில்லாத மாணவரும் அதைக் கட்டுகிறார், இது நியாயமா என்ற விவாதம் ஓயவில்லை. பெரிய அணியின் மைதானத்துக்குப் போய் ஆடுவதற்குக் கட்டணம் வாங்குவது இன்னொரு வழி. முதல் பிரிவுக்குள்ளேயே அப்போது சிறியதாக இருந்த அப்பலாச்சியன் ஸ்டேட் 2007-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துடன் கால்பந்து ஆட 4,00,000 டாலர் பெற்றது. தோற்பதற்கென்று அழைக்கப்பட்ட அணி 34-32 என வென்று திரும்பியது. கறுப்பினத்தவருக்கான கல்லூரிகள் 1912-ல் தொடங்கிய சி.ஐ.ஏ.ஏ. கூட்டமைப்பு, தன் ஆண்டுக் கூடைப்பந்துப் போட்டி வருமானத்தில் ஒரு பகுதியை உறுப்புக் கல்லூரிகளின் உதவித்தொகைக்குத் திருப்பிவிடுகிறது. என்.சி.ஏ.ஏ.வின் பெருவருமானத்தில் இரண்டாம் பிரிவுக்கு 4.37 சதவீதமும் மூன்றாம் பிரிவுக்கு 3.18 சதவீதமும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அதில் கணிசமான பகுதி தேசியப் போட்டிகளை நடத்தச் செலவாகிறது.

1972-ல் வந்த டைட்டில் நைன் சட்டம் பங்கீட்டில் இன்னொரு கட்டுப்பாடு. வீரர்களில் பெண்கள் எத்தனை சதவீதமோ, விளையாட்டு உதவித்தொகைப் பணத்திலும் ஏறத்தாழ அத்தனை சதவீதம் அவர்களுக்குப் போக வேண்டும். ஒரு சதவீதப் புள்ளிக்கு மேல் வேறுபாடு இருந்தால் கல்லூரி காரணம் காட்ட வேண்டும் என்று 1998-ல் மத்தியக் கல்வித் துறை விளக்கியது. நூறு பேர் கொண்ட கால்பந்து அணியை வைத்திருக்கும் கல்லூரிக்கு இது எளிதல்ல. பெண்களுக்கான சாக்கர், படகோட்டம், லக்ராஸ் அணிகள் பல இடங்களில் பெருகியதில் இந்தச் சட்டத்துக்குப் பங்குண்டு.

வாங்கும் தொகை எவ்வளவு காலத்துக்கு என்பதையும் மாணவர் பார்க்க வேண்டும். சிறு கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகை பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் எழுதப்படுகிறது. இரண்டாம் பிரிவில் அடுத்த ஆண்டு தொடருமா என்பதை ஜூலை 1-க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நிறுத்தினாலோ குறைத்தாலோ, விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள குழுவிடம் முறையிட மாணவருக்கு உரிமை உண்டு. படிப்புக்கான உதவித்தொகை, மதிப்பெண் குறையாதவரை அணியை விட்டு விலகினாலும் தொடரும். கால் முறிந்தவருக்கும் விளையாட்டில் சலித்துப்போனவருக்கும் இந்த வேறுபாடு கல்லூரியில் நீடிப்பதா வெளியேறுவதா என்பதையே தீர்மானிக்கிறது. மூன்றாம் பிரிவில் சேரும் மாணவர்கள் பள்ளியில் புகைப்படம் எடுத்துக்கொண்டு கையெழுத்திடும் படிவம் கொண்டாட்டத்துக்கு மட்டுமானது, யாரையும் கட்டுப்படுத்தாது. வருமான வரியும் இருக்கிறது: கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் வரும் தொகைக்கு வரியில்லை, தங்குமிடத்துக்கும் உணவுக்கும் வரும் தொகை வரிக்கு உட்பட்டது.

இந்தியா உள்ளிட்ட வெளிநாடுகளிலிருந்து மாணவர் விசாவில் வருபவருக்குப் பெல் கிராண்டும் மத்திய அரசுக் கடனும் கிடையாது. அவருக்கு மேற்சொன்ன அடுக்குகளில் கல்லூரி தருவது மட்டுமே மிஞ்சும். டென்னிஸ், சாக்கர் அணிகளில் வெளிநாட்டவரை விரும்பிச் சேர்க்கும் இரண்டாம் பிரிவு, என்.ஏ.ஐ.ஏ. கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் விளையாட்டுத் தொகையும் படிப்புத் தொகையும் சேர்ந்து எவ்வளவு, மீதி ஆண்டுக்கு எவ்வளவு, அது நான்காண்டும் தொடருமா என்பதை எழுத்தில் பெறாமல் விமானம் ஏறுவது ஆபத்து.

வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில் எட்டப்பட்டு, 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாடு, முதல் பிரிவில் அதில் சேரும் பல்கலைக்கழகங்களுக்கு உதவித்தொகை உச்சவரம்பை நீக்கி, அணியின் அளவுக்கு வரம்பு வைத்தது; முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிரவும் வழி செய்தது. இரண்டாம், மூன்றாம் பிரிவுகளின் உதவித்தொகை விதிகளை அது மாற்றவில்லை, 36-ம் 7.2-ம் அப்படியே இருக்கின்றன. சிறு கல்லூரி வீரரைத் தொட்ட மாற்றம் அதற்கு முன்பே வந்தது. தன் பெயரையும் படத்தையும் வைத்து வீரர் சம்பாதிக்க 2020 அக்டோபரில் முதலில் வழிவிட்டது என்.ஏ.ஐ.ஏ.தான், என்.சி.ஏ.ஏ. 2021 ஜூலையில் பின்தொடர்ந்தது. மூன்றாம் பிரிவு நீச்சல் வீராங்கனைக்குக் கல்லூரி விளையாட்டுக்காக ஒரு டாலரும் தர முடியாது, ஆனால் உள்ளூர்க் கடை தன் விளம்பரத்துக்காக அவருக்குப் பணம் தரலாம். அந்த வருமானம் ஃபாஃப்சா என்ற மத்திய உதவி விண்ணப்பத்தில் கணக்கில் வரும். தொகை பெரிதானால் அடுத்துவரும் ஆண்டுகளில் அவருடைய தேவை அடிப்படையிலான உதவி குறையக்கூடும்.